எவன்ஸைத் தேடும் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் நிர்வாக இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் நாளிதழ் டெஸ்க்கில் துணை ஆசிரியராகவும், கடைசிப் பத்தாண்டுகள் இரவுப் பதிப்பின் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு பத்திரிகையாளர் பாராட்டு விழாவில் உங்களில் ஒருவர் மேடையேறி, "ஹரால்ட் எவன்ஸ் மாதிரி ஒரே ஓர் ஆசிரியரைத் தமிழில் காட்டுங்கள், நாளைக்கே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன்" என்று பேசினார். அரங்கம் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த நானும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான், பிரிட்டனின் புகழ்பெற்ற செய்தித்தாள் ஆசிரியரான எவன்ஸின் பெயரை அவர் பாதிக் கதையோடு சொல்லிவிட்டார் என்று தோன்றியது. மீதிக் கதை ஆசிரியர்களைப் பற்றியது என்பதைவிட உங்களைப் பற்றியது என்பதால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

எவன்ஸ் 1928 ஜூன் 28 அன்று மான்செஸ்டரை ஒட்டிய ஈக்கிள்ஸ் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை நீராவி ரயில் ஓட்டுநர். தாய் வீட்டின் முன்னறையையே மளிகைக் கடையாக்கிக் குடும்பத்துக்குத் துணை நின்றவர். பன்னிரண்டு வயதை எட்டவிருந்த நேரத்தில், 1940-இல், குடும்பத்தோடு வேல்ஸ் நாட்டின் ரில் கடற்கரைக்குப் போனபோது பார்த்த ஒரு காட்சியைத்தான் தன் தொழிலின் தொடக்கமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் தோற்று, பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து தப்பிவந்த பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் மணலில் அங்கங்கே சுருண்டு கிடந்தார்கள். தந்தை அவர்களிடம் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சொன்னதெல்லாம் களைப்பும், தோல்வியும், எதிரியின் டாங்கிகளுக்கு எதிராகத் தங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போனதும்தான். அன்றைய செய்தித்தாள்களோ, திரும்பி வந்த வீரர்கள் உற்சாகம் குன்றாமல் மீண்டும் போர்க்களம் போகத் துடிப்பதாக எழுதிக்கொண்டிருந்தன. தந்தை சொல்வதை நம்புவதா, வீட்டுக்கு வரும் பேப்பரை நம்புவதா என்ற குழப்பம் அந்தச் சிறுவனுக்கு அங்கே தொடங்கியது.

பதினாறாவது வயதில், சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரின் வார இதழில் நிருபராகச் சேர்ந்தார். கட்டாய ராணுவப் பணியை விமானப் படையில் முடித்து, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்து, மான்செஸ்டர் ஈவ்னிங் நியூஸில் துணை ஆசிரியரானார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்கா போய் வந்தார். இந்தப் படிகளை வேகமாகக் கடந்துவிடலாம்; ஆனால் 'துணை ஆசிரியர்' என்ற படியில் மட்டும் என்னைப் போன்றவர்கள் ஒரு நிமிடம் நின்றுதான் போவோம். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்து, அச்சுக்கல்லின் மேல் குனிந்து, இன்னும் நான்கு வரி வெட்டினால்தான் பத்தி அடங்கும் என்ற நெருக்கடியில் உருவானவர் அவர். செய்தித்தாள் உத்திகளைக் கற்றுக்கொடுக்கச் சர்வதேசப் பத்திரிகைக் கழகம் அவரை இந்தியாவுக்கும் அனுப்பியது. தொகுப்பு, தலைப்பு, படம், பக்க வடிவமைப்பு பற்றிப் பின்னாளில் ஐந்து தொகுதிகளாக அவர் எழுதினார். அவற்றில் படங்களைப் பற்றிய தொகுதி, அட்டை கிழிந்து, எங்கள் அலுவலக அலமாரியில் கிடந்தது. ஒரு படத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்தக் கையை வெட்ட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கிழிந்த புத்தகம்தான்.

1961-இல் டார்லிங்டன் நகரிலிருந்து வரும் நார்த்தர்ன் எக்கோ நாளிதழின் ஆசிரியரானார். லண்டன்காரர்கள் பொருட்படுத்தாத வட்டாரப் பத்திரிகை அது. ஆனால், பிற்காலத்தில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பெரும் ஆசிரியர் 1870-களில் உட்கார்ந்த இடமும் அதுதான். கனடாவின் வான்கூவர் பகுதியில் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் எளிய பரிசோதனை பெண்களின் உயிரைக் காக்கிறது என்ற தகவலைப் படித்த எவன்ஸ், அது ஏன் இங்கே எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று கேட்டு ஓர் இயக்கத்தையே நடத்தினார். பிரிட்டன் முழுவதும் அந்தப் பரிசோதனை பரவியதில் இந்தச் சிறு பத்திரிகைக்குப் பங்கு உண்டு.

டிமோதி எவன்ஸ் விவகாரம் இன்னும் ஆழமானது. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல். இருவருக்கும் உறவு ஏதும் இல்லை. லண்டனின் ரில்லிங்டன் பிளேஸ் 10-ஆம் எண் வீட்டில் குடியிருந்த அந்த எழுத்தறிவில்லாத இளைஞனை, தன் குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி 1950 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த வீட்டின் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் தோட்டத்திலும் பெண்களின் உடல்கள் கிடைத்தன, கொன்றவர் கிறிஸ்டி. அவரையும் தூக்கிலிட்டார்கள். தூக்கில் போட்ட இளைஞன் நிரபராதி என்று சொல்ல மட்டும் அரசுக்கு மனம் வரவில்லை. டார்லிங்டனில் தொழில் நடத்திவந்த ஒருவர் இதை எவன்ஸின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குற்றம் நடந்தது வேறு ஊர், செத்தவனுக்கு வாக்கு இல்லை, அவன் குடும்பம் பேப்பர் வாங்கப் போவதுமில்லை. ஆனாலும், நம் மனசாட்சியை உறுத்தும் மனிதன் என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்து, எவன்ஸ் விடாமல் எழுதினார். மறுவிசாரணை நடந்து, 1966 அக்டோபரில், தூக்கிலிட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, அந்த இளைஞனுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இதுவரை சொன்னதில் உங்களுக்குக் கசப்பு எதுவும் இருக்காது. ஓர் உரிமையாளருக்கு இந்த இயக்கங்களால் பெரிய செலவு இல்லை, விளம்பரம் எதுவும் கைநழுவவில்லை, பேர்தான் கிடைத்தது. இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது.

1967-இல் லண்டனின் ஞாயிறு செய்தித்தாளான சண்டே டைம்ஸின் ஆசிரியராக எவன்ஸ் பொறுப்பேற்றபோது அதன் உரிமையாளர் ராய் தாம்சன். கனடாவிலிருந்து வந்தவர், முடிதிருத்தும் தொழிலாளியின் மகன், கணக்குப் புத்தகத்தை ரசித்துப் படிப்பவர். வணிகத் தொலைக்காட்சி உரிமம் என்பது பணத்தை அச்சடிக்கக் கிடைத்த உரிமம் என்று வெளிப்படையாகச் சொல்லி மாட்டிக்கொண்டவரும் அவர்தான். லாபத்தை மறைத்துப் பேசத் தெரியாத மனிதர். ஆனால், தன் பத்திரிகைகளின் ஆசிரியர் பகுதியில் தான் தலையிடுவதில்லை, பணம் கொடுத்தோ செல்வாக்கைக் காட்டியோ எந்தக் குழுவும் அவற்றின் ஆதரவைப் பெற முடியாது என்று அச்சிட்ட ஓர் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். விருந்துகளில் யாராவது, "உங்கள் பேப்பர் என்னைப் பற்றி இப்படி எழுதிவிட்டதே" என்று ஆரம்பித்தால், அந்த அட்டை வெளியே வரும். உங்களில் யாருடைய பையிலும் அப்படி ஒரு காகிதத்தை நான் கண்டதில்லை. விருந்துகளில் உங்களிடம் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த நாள் இரவு அதன் விளைவு எங்கள் டெஸ்க்குக்கு வந்துவிடும்.

அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்பது 1972-இல் தெரிந்தது. ஜெர்மனியின் க்ரூனென்டால் நிறுவனம் கண்டுபிடித்த தலிடோமைடு மருந்தை பிரிட்டனில் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் 1958 முதல் 1961 இறுதிவரை விற்றது. கர்ப்பிணிகளும் பயமின்றிச் சாப்பிடலாம் என்றார்கள். அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. தப்பிப் பிழைத்தவர்கள் பிரிட்டனில் மட்டும் நானூறுக்கு மேல். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டதுதான் அவர்கள் வாயை அடைத்தது என்பது இந்தக் கதையின் கொடுமை. நீதிமன்றத்தின் முன் இருக்கும் விஷயத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு. வழக்குகளோ பத்தாண்டுகளாக நகரவில்லை. 1968-இல் 62 குழந்தைகளுக்கு, வழக்கில் முழுமையாக வென்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் நாற்பது சதவீதம் என்று ஒரு சமரசம் நடந்தது. மற்றவர்களுக்காக 32.5 லட்சம் பவுண்டு நிதி என்று பிறகு பேசப்பட்டது. எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொண்டால்தான் எவருக்கும் பணம் என்பது நிபந்தனை. டேவிட் மேசன் என்ற தந்தை கையெழுத்துப் போட மறுத்தார். மற்றப் பெற்றோரின் கோபத்தையும் அவர் தாங்க வேண்டியிருந்தது.

சண்டே டைம்ஸிடம் அதற்கு முன்பே ஒரு புதையல் இருந்தது. பெற்றோர் தரப்புக்கு ஆலோசகராக இருந்த மருந்தியல் அறிஞர் ஒருவரிடமிருந்து 8,000 பவுண்டு கொடுத்து டிஸ்டில்லர்ஸின் உள் ஆவணங்களைப் பெற்றிருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். 'இன்சைட்' என்ற புலனாய்வுக் குழுவினர் அவற்றை ஆண்டுக்கணக்கில் படித்தார்கள், வகைப்படுத்தினார்கள், ஒரு வரிகூட அச்சாகவில்லை. பலனே தெரியாத அந்த வேலைக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவர் தாம்சன் என்பதை இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நம் அலுவலகங்களில் ஒரு நிருபர் மூன்று நாள் ஸ்டோரி கொடுக்கவில்லையென்றால் நான்காம் நாள் அவரை மாவட்டத்துக்கு மாற்றிவிடுவோம்.

சட்டத்தின் சுவரில் கதவைக் கண்டுபிடித்தவர் பத்திரிகையின் வழக்கறிஞர் ஜேம்ஸ் எவன்ஸ். (மூன்றாவது எவன்ஸ், இவரும் உறவினர் இல்லை.) கவனக்குறைவு டிஸ்டில்லர்ஸ் மீதுதான் என்று எழுதினால் அது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய சட்டப் பிரச்சினை, மாட்டிக்கொள்வோம்; சட்டம் என்ன சொன்னாலும் இந்தக் குழந்தைகளுக்கு நியாயமான தொகை கொடுப்பது அந்த நிறுவனத்தின் தார்மீகக் கடமை என்று எழுதினால் எந்த நீதிபதியின் வேலையிலும் நாம் கை வைக்கவில்லை என்பது அவர் வாதம். இந்த வேறுபாட்டின் மேல் நின்றுதான் 1972 செப்டம்பர் 24 அன்று முதல் கட்டுரை வந்தது. நம் தலிடோமைடு குழந்தைகள் நாட்டுக்கே அவமானம் என்றது தலைப்பு. அதன் அடியில், இந்தத் துயரம் எப்படி நேர்ந்தது என்பதை இன்னொரு கட்டுரையில் ஆராய்வோம் என்று ஒரு சிறு குறிப்பு. அரசையும் நிறுவனத்தையும் தூங்கவிடாமல் செய்தது அந்தக் குறிப்புதான். அரசுத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். நவம்பரில் இரண்டாம் கட்டுரைக்குத் தடை வந்தது.

டிஸ்டில்லர்ஸ் என்றால் மருந்துக் கம்பெனி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜானி வாக்கர் விஸ்கியும் கார்டன்ஸ் ஜின்னும் அவர்களுடையவை. சண்டே டைம்ஸுக்கு அவர்கள்தான் மிகப் பெரிய விளம்பரதாரர். ஆண்டுக்கு 6 லட்சம் பவுண்டு. கட்டுரை வந்ததும் அந்த விளம்பரங்கள் போயின. அன்றைய மதிப்பில் அது எவ்வளவு பெரிய துளை என்பது கணக்குப் பார்க்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்குப் புத்தகத்தை ரசிக்கும் தாம்சன் அந்தத் துளையைப் பார்த்தார். ஆசிரியரைக் கூப்பிட்டு, எப்போது நிறுத்தப் போகிறாய் என்று கேட்கவில்லை. வாரா வாரம் கட்டுரைகள் தொடர்ந்தன. காது கேளாத நாடாளுமன்ற உறுப்பினரான ஜாக் ஆஷ்லி விஷயத்தை அவைக்குக் கொண்டுபோக, நவம்பர் 29 அன்று விவாதம் நடந்தது. டிஸ்டில்லர்ஸின் பங்குதாரர்களே தங்கள் நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பினார்கள். 1973-இல் நிறுவனம் 2 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அரசும் பின்னர் 50 லட்சம் சேர்த்தது.

குழந்தைகளுக்குப் பணம் கிடைத்துவிட்டது, இனி எதற்கு வழக்கு என்று எந்த நிர்வாகியும் கேட்டிருக்கலாம். தடைபட்ட அந்த ஒரே ஒரு கட்டுரைக்காக வழக்கு தொடர்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1973-இல் மீண்டும் போட்டது. தடை 1976-இல் விலகி, அந்த ஆண்டே கட்டுரை வெளியான பிறகும், சட்டம் தவறு என்று நிலைநாட்ட ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிருந்த வழக்கை அவர்கள் விட்டுவிடவில்லை. 1979 ஏப்ரல் 26 அன்று, 11-க்கு 9 என்ற நூலிழை வித்தியாசத்தில், பிரிட்டன் கருத்துரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1981-இல் பிரிட்டன் தன் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பைக் காண ராய் தாம்சன் உயிரோடு இல்லை. 1976-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மடலில் அது ஒன்றுதான் என் கதை; நிறுவனத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு நாள் இரவு, சாயக் கழிவு கலந்த ஒரு வாய்க்காலைப் பற்றிய செய்தி மூன்றாம் பக்கத்தில் பாதியை நிரப்பியிருந்தது. நிருபர் நான்கு முறை போய்வந்து எழுதியது. கிணற்று நீர் பிடித்த பாட்டில்கள் வரிசையாக இருந்த படமும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு நிறம். மெய்ப்புப் பார்த்து, பக்கம் முடித்து, பிலிம் போட அனுப்பவிருந்த நேரத்தில், பத்தே முக்கால் மணிக்கு, முதலாளி வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. ஆசிரியர் எழுந்து நின்று பேசினார். "சரிங்க... சரிங்கய்யா..." என்று இரண்டு முறை கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார், என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கினார், பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ஃபில்லர் என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மாம்பழ விளைச்சல் பற்றி ஒரு மேட்டர் இருந்தது. அடுத்த நாள் வாசகர்கள் மாம்பழத்தைப் படித்தார்கள். அந்த ஆசிரியரைப் போல மொழியைக் கூர்மையாகக் கையாண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை, உண்மைக்காகத் துடித்தவர், பயந்த சுபாவம் உள்ளவரும் இல்லை. எவன்ஸிடம் இருந்ததில் அவரிடம் இல்லாதது எது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். தாம்சன் ஒருவர்தான் இல்லை.

எவன்ஸைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. தலிடோமைடு கட்டுரை வந்த அதே 1972-இன் தொடக்கத்தில், ஜனவரி 30 அன்று, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போன நிராயுதபாணிகளை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். சண்டே டைம்ஸின் இரு நிருபர்கள், முர்ரே சேலும் டெரெக் ஹம்ஃப்ரியும், நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை அச்சாகவில்லை. விசாரணைக்கு நியமிக்கப்பட்ட தலைமை நீதிபதி விட்ஜெரியை எவன்ஸே தொலைபேசியில் கேட்க, இந்த நேரத்தில் வெளியிடுவது உகந்ததல்ல என்று அவர் சொல்ல, இவர் நிறுத்தி வைத்தார். அந்த அறிக்கையின் முடிவுகளை ஏற்பதில் டெஸ்க்கிலேயே தயக்கம் இருந்தது என்பதும் உண்மைதான்; சில வாரங்கள் கழித்து 'இன்சைட்' குழு விரிவாக எழுதியதும் உண்மைதான். ஆனால் விட்ஜெரியின் அறிக்கை ராணுவத்தைப் பெருமளவு காப்பாற்றி வெளியானது. இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அரசு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆயிற்று. விசாரணையில் இருக்கும் விஷயம் என்ற அதே காரணத்தை செப்டம்பரில் உடைத்தவர் பிப்ரவரியில் அதற்குப் பணிந்தார். ஒரே மனிதர், ஒரே ஆண்டு. எப்படி எழுதினால் எழுதலாம் என்று தேடிய வழக்கறிஞர் பக்கத்தில் இருந்த நாளுக்கும், எழுதலாமா என்று நீதிபதியிடமே கேட்ட நாளுக்கும் இருந்த தூரம் இது.

இப்போது மேடையில் பேசியவர் விட்டுவிட்ட பகுதிக்கு வருகிறேன். புதிய அச்சுத் தொழில்நுட்பத்தைப் பற்றிய தொழிற்சங்கப் பூசலில் 1978 டிசம்பர் முதல் 1979 நவம்பர் வரை தாம்சன் நிறுவனத்தின் நாளிதழான டைம்ஸும் சண்டே டைம்ஸும் ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவேயில்லை. நஷ்டத்தில் சலித்துப்போன தாம்சன் குடும்பம் இரண்டையும் விற்க முடிவு செய்தது. 1981-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் வாங்கினார். ஏற்கெனவே பிரிட்டனில் இரண்டு பெரிய செய்தித்தாள்களை வைத்திருந்தவர் இன்னும் இரண்டை வாங்குவதை ஏகபோகத் தடுப்பு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வர்த்தக அமைச்சர் ஜான் பிஃபென் அனுப்பவில்லை. அந்த ஜனவரி 4 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சருடன் அவரது செக்கர்ஸ் இல்லத்தில் மர்டாக் மதிய விருந்து சாப்பிட்டார் என்பதும், வாங்கும் திட்டத்தை அங்கே விளக்கினார் என்பதும் 2012-இல் ஆவணங்கள் வெளியானபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

அனுப்பாததற்குப் பதிலாக உறுதிமொழிகள் வாங்கப்பட்டன. ஆசிரியர் ஒப்புக்கொண்ட பட்ஜெட்டுக்குள் அவர் கை கட்டப்படாது. அரசியல் கருத்தில் உரிமையாளர் தலையிட மாட்டார். நிருபர்களுக்கு ஆசிரியர் ஒருவர்தான் உத்தரவிடுவார். சுயேச்சையான இயக்குநர்கள் சம்மதிக்காமல் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ முடியாது. தாம்சன் பையில் வைத்திருந்த சிறு அட்டையோடு ஒப்பிட்டால் இது கோட்டை. அந்தக் கோட்டையை நம்பி, சண்டே டைம்ஸை விட்டுவிட்டு, டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை எவன்ஸ் ஏற்றார். ஆசை தன் மதியை மறைத்துவிட்டது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

ஓராண்டுதான் இருந்தார். தாட்சர் அரசின் பொருளாதாரக் கொள்கையை டைம்ஸ் விமர்சித்தது உரிமையாளருக்குப் பிடிக்கவில்லை. அவரைத் தடுத்தது எது தெரியுமா? யாரும் வந்து கட்டுரையைக் குறுக்கே கோடு போட்டு அடிக்கவில்லை. பட்ஜெட் என்ன என்று எவன்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். தொகையை எழுதித் தரவில்லை. பிறகு, அளவுக்கு மீறிச் செலவு செய்கிறார் என்றார்கள். ஒப்புக்கொண்ட பட்ஜெட்டுக்குள் சுதந்திரம் என்பது உறுதிமொழி; பட்ஜெட்டையே ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே, வாசல் எங்கே? மேலாண்மையிலிருந்து குறிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அலுவலகத்துக்குள்ளேயே ஆசிரியருக்கு எதிராக ஓர் அணி சேர்ந்தது. 1982 மார்ச்சில், ரயில் ஓட்டுநரான தந்தையின் இறுதிச் சடங்கை முடித்துத் திரும்பிய கையோடு, அவரிடம் ராஜினாமா கேட்கப்பட்டது. ஒரு வாரம் மறுத்துப் பார்த்துவிட்டு, மார்ச் 15 அன்று விலகினார். அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் என்ற விருதும் அப்போதுதான் அவருக்குக் கிடைத்திருந்தது.

பிறகு அமெரிக்கா போனார். பயண இதழ் ஒன்றைத் தொடங்கினார், ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்துக்குத் தலைமை தாங்கினார், 2004-இல் சர் பட்டம் பெற்றார், 2020 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் 92 வயதில் காலமானார். எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த செய்தித்தாள் ஆசிரியர் என்று பிரிட்டிஷ் பத்திரிகையாளர்கள் ஒரு வாக்கெடுப்பில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல், பத்திரிகை ஒழுக்கம் குறித்து நீதிபதி லெவிசன் நடத்திய விசாரணையில், அந்த முதுமையிலும், 1981-இல் நடந்ததைச் சாட்சியமாகச் சொன்னார். ஆனால் 1982 மார்ச்சுக்குப் பிறகு அவர் எந்த நாளிதழுக்கும் ஆசிரியராகவில்லை. அப்போது அவருக்கு 53 வயது.

ஆகவே மேடையில் கேட்டவருக்கு என் பதில் இது. எவன்ஸ் கிடைத்தால் உட்கார வைப்பேன் என்கிறீர்கள். மர்டாக்கும் உட்கார வைத்தார். பதினான்கு ஆண்டு ஒரு நாற்காலியில் இருந்தவர் இன்னொரு நாற்காலியில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. இடையில் அவருக்குத் திறமை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

பெரிய பிரகடனம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. பிஃபென் வாங்கிய உறுதிமொழிகளின் கதி தெரிந்த பிறகு அதைக் கேட்பது வெகுளித்தனம். ஆசிரியர் பகுதிக்கு இந்த ஆண்டு எவ்வளவு தொகை என்பதை ஒரே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இந்த நிருபர் ஆறு மாதம் எதுவும் எழுதாமல் ஆவணம் படிக்கட்டும் என்று ஆசிரியர் முடிவு செய்தால், அந்தத் தொகைக்குள் அது அடங்குகிறதா என்பது ஒன்றுதான் நிர்வாகத்தின் கேள்வியாக இருக்க வேண்டும். உங்கள் சட்ட ஆலோசகரிடம் இரவில் பக்கம் போகும்போது, "இதைப் போடலாமா?" என்று கேட்கிறீர்கள், போடாதீர்கள் என்பதே அவருக்கு எப்போதும் பாதுகாப்பான பதில். "இதைப் போட்டாக வேண்டும், எப்படிப் போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் எவன்ஸ் போன்றவர்கள் உயர் நீதிமன்ற வளாகங்களில் நிறையவே இருக்கிறார்கள், அவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. எந்தச் செய்திக்காக எந்த விளம்பரதாரர் கோபித்துக்கொண்டு போனார் என்ற விவரம் உங்கள் விளம்பரப் பிரிவிடம் உண்டு. பெரும்பாலும் வாய்வழியாக இருக்கும். அதை ஆண்டுக்கொரு முறை ஆசிரியர் குழுவின் முன் படித்துக் காட்டுங்கள். எத்தனை ரூபாயை இழந்து எந்தச் செய்தியைக் காப்பாற்றினோம் என்று இளம் நிருபர்களுக்குத் தெரியட்டும். இழந்ததே இல்லையென்றால் அதுவும் தெரியட்டும்.

பத்தே முக்கால் மணித் தொலைபேசியைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் பேசும்போது மறுமுனையில் எழுந்து நின்று கேட்பவரை உங்களால் பார்க்க முடிவதில்லை. பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அன்றைய சிவப்புப் பேனாவை அந்த ஆசிரியர் என்னிடம் திருப்பித் தரவே இல்லை, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

புதிய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நான் கேட்ட அந்த ஒற்றைத் தாள் அதற்குள் உங்கள் ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை ஆசிரியர் ஒருவர்